பிச்சாவரத்தில் நிதானமாக ஒரு படகுப் பயணம்: முழுமையான வழிகாட்டி

பிச்சாவரம் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் "மரம், தண்ணி, அவ்வளவுதான்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து, வரிசையில் நின்று, மோட்டார் படகில் ஏறி, அகலமான கால்வாயில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் அதற்கு மேல் கண்ணில் எதுவும் படாதுதான். அதே காட்டுக்குள் காலையில், துடுப்புப் படகில், தண்ணீர் வடிகிற நேரமாகப் பார்த்துப் போகிறவர்களுக்கு மீன்கொத்தியிலிருந்து மரமேறும் நண்டு வரை பார்க்கக் கிடைக்கும். இந்த வழிகாட்டி அப்படிப் போக நினைப்பவர்களுக்கு.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: கடலூர் மாவட்டம், சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு நடுவே பரவிக் கிடக்கும் அலையாத்திக் காடு (மாங்குரோவ்) இது. 51 சிறு திட்டுகள், அவற்றைச் சுற்றியும் ஊடறுத்தும் ஓடும் எண்ணற்ற கால்வாய்கள். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலின்படி பரப்பு ஏறக்குறைய 1,478 ஹெக்டேர்.

முதல் வேலை: மாதம்

ஜனவரி, பிப்ரவரி. யோசிக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் திரும்பிப் போயிருக்காது. நவம்பரிலும் பறவைகள் உண்டு. ஆனால் மழை எப்போது பெய்யும் என்று சொல்ல முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். மார்ச் முதல் பாதி வரை சமாளிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் போவதானால் வெயில் ஏறும் முன் முடித்துக்கொண்டு கரையேறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிளைகள் கூரையாக மூடிய கால்வாய்க்குள் நிழல் உண்டு, ஆனால் அதுவரை போய்ச் சேரும் வழியெல்லாம் திறந்தவெளி.

அடுத்து: ஓதம் பார்ப்பது

ஓதம் என்றால் கடல்நீர் மட்டம் தினமும் ஏறி இறங்குவது. பிச்சாவரம் போகிறவர்களில் பெரும்பாலானோர் இதைப் பார்ப்பதே இல்லை. பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

இங்கே ஓதம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பல கால்வாய்களின் ஆழமே முழங்கால், இடுப்பு அளவுதான். அரை மீட்டர் தண்ணீர் இறங்கினாலே சேற்றுக்கரை வெளியே வந்துவிடும். நண்டு, நத்தை, சேற்றில் துள்ளும் மீன் எல்லாம் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. அவற்றைத் தின்னத்தான் பறவைகளும் அங்கே இறங்குகின்றன. தண்ணீர் முழுக்க ஏறியிருக்கும்போது போனால் பச்சைச் சுவர்தான் தெரியும்.

அப்படியானால் தண்ணீர் முழுக்க வற்றியிருக்கும்போது போகலாமா? கூடாது. "தண்ணி வத்திடுச்சு, உள்ள போக முடியாது சார்" என்று படகுக்காரர் சொல்லிவிடுவார். குறுகிய கால்வாயில் படகின் அடி தரை தட்டும். ஆகவே நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுப்பட்ட நேரம்: ஓதம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனபின். அப்போது கரை தெரியும், படகும் மிதக்கும்.

இதைக் கணக்குப் போடுவது கடினமில்லை. ஓத நேரம் சொல்லும் இணையதளங்களிலும் செயலிகளிலும் கடலூர் அல்லது நாகப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். காட்டின் உட்பகுதியில் அந்த நேரத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் தண்ணீர் ஏறும், இறங்கும். ஓத நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். எனவே இந்த வாரம் சரியாக இருந்த நேரம் அடுத்த வாரம் தலைகீழாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. நாட்காட்டியை வைத்துக்கொண்டு தேதியை முடிவு செய்யலாம். காலை எட்டு ஒன்பது மணிக்குத் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும் நாளாகப் பாருங்கள்.

போய்ச் சேர்வது

சிதம்பரம் ரயில் நிலையம் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் இருக்கிறது. பேருந்து எல்லா ஊரிலிருந்தும் உண்டு. முதல் நாள் இரவே சிதம்பரத்தில் தங்கிவிடுவது நல்லது. சென்னையிலிருந்து விடியற்காலை கிளம்பி வந்தால் படகுத்துறையை அடையும்போது காலை போயிருக்கும். சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து பிச்சாவரத்துக்கு நகரப் பேருந்துகள் போகின்றன. ஆனால் முதல் படகைப் பிடிக்க வேண்டுமானால் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வதே மேல். திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

வார நாளில் போங்கள். சனி, ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் கால்வாய்க்குள் பேருந்து நிலையக் கூட்டம் வரும் நாட்கள்.

பையில் என்ன

தொப்பி, தண்ணீர், கொசு விரட்டும் களிம்பு, செல்போனுக்கு நீர் புகாத உறை. குடை வேண்டாம். குறுகிய வழியில் கிளையில் மாட்டும், விரித்தவுடன் பறவை பறக்கும். பைனாகுலர் இருந்தால் 8 மடங்கு காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். படகு ஆடிக்கொண்டே இருப்பதால் 10, 12 மடங்கில் எல்லாமே நடுங்கித் தெரியும். உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். சாக்லேட் உறை, சிப்ஸ் பாக்கெட் எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். காற்றில் ஒன்று பறந்து வேர்களுக்கு நடுவே சிக்கினால் யாரும் எடுக்கப் போவதில்லை. கழிவறைக்குக் கரையிலேயே போய்விட்டு ஏறுங்கள். குழந்தைகள், பெரியவர்கள் கூட இருந்தால் இதை மறக்கவே கூடாது.

படகைத் தேர்ந்தெடுப்பது

படகுத்துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு. கட்டணம் படகின் வகையையும் நேரத்தையும் பொறுத்து மாறும். பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு கடல் முகத்துவாரம் வரை வேகமாகப் போய்வர நல்லது. மணல்திட்டையும் அலையையும் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதில் போகலாம். ஆனால் காட்டின் மிக அழகான பகுதி, கிளைகள் இரு பக்கமிருந்தும் வளைந்து தலைக்கு மேல் கோத்துக்கொண்டிருக்கும் குறுகிய கால்வாய்கள். மோட்டார் அங்கே நுழையாது. நுழைந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எந்தப் பறவையும் உட்கார்ந்திருக்காது.

நேரம் குறைந்த டிக்கெட் எடுத்துவிட்டு அந்தக் குறுகிய வழிகளை எதிர்பார்க்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுங்கள். எந்த வழியாகப் போகிறோம், உள்கால்வாய்கள் அதில் சேருமா, கூடுதலாக ஏதாவது தர வேண்டியிருக்குமா என்பதையெல்லாம் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடுத்தண்ணீரில் பேரம் பேசுவது இருவருக்கும் சங்கடம்.

அப்புறம் படகுக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: "அண்ணே, எங்களுக்கு அவசரம் இல்ல. பறவை பாக்கத்தான் வந்திருக்கோம். கரையோரமா மெதுவா போங்க, நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க." பெரும்பாலானவர்கள் வேகமாகச் சுற்றிக்காட்டச் சொல்வதால் அதுவே அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இப்படிச் சொன்னதும் முகம் மலர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லாவிட்டால் எந்த சினிமாப் பாட்டு எந்தத் திட்டில் எடுத்தார்கள் என்ற கதைதான் வழியெல்லாம் ஓடும். அதுவும் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காக மீன்கொத்தி காத்திருக்காது.

ஏறி உட்காருவது

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகின் நடுவில் கால் வைத்து ஏறுங்கள். விளிம்பில் வைத்தால் சாயும். எடை இரு பக்கமும் சமமாக இருக்கும்படி படகுக்காரர் உட்கார வைப்பார், அதைக் கேளுங்கள். படம் எடுக்க எழுந்து நிற்பது வேண்டாம்.

குறுகிய கால்வாய்க்குள் போகும்போது கை படகுக்குள்ளேயே இருக்கட்டும். வேர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகலாம் என்று தோன்றும். அந்த வேர்களில் ஓதம் ஏறும் உயரம் வரை சிப்பிகள் ஒட்டியிருக்கும். அவற்றின் ஓரம் பிளேடுக்குச் சமம்.

முதல் கால் மணி நேரம்

துறையிலிருந்து கிளம்பியதும் அகலமான நீர்ப்பரப்பு. இங்கே மேலே பாருங்கள். செம்மண் நிற உடலும் வெள்ளைத் தலையுமாகச் செம்பருந்து வட்டமிடும். குளிர்காலமானால் விரால் அடிப்பானையும் பார்க்கலாம். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு விழும். மீன்பிடி வலை கட்டிய கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

இதற்குள் எல்லோரும் செல்பி எடுத்து முடித்திருப்பார்கள். கால்வாய்க்குள் திரும்பும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கால்வாய்க்குள்: எதைப் பார்ப்பது

பறவையைத் தேடாதீர்கள். முதலில் சேற்றைப் பாருங்கள்.

கரையின் ஈரச்சேறு முழுக்கச் சிறு சிறு ஓட்டைகள். படகு நெருங்கும்போது சேறு காலியாகத் தெரியும், ஏனென்றால் எல்லாம் உள்ளே ஓடியிருக்கும். துடுப்பை நிறுத்தச் சொல்லி இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். ஒவ்வொன்றாக வெளியே வரும் பிடில் நண்டுகளைப் பாருங்கள். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரியது. அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணை அழைக்கும், பக்கத்து வளைக்காரனை மிரட்டும். சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறு உருண்டையாக வைத்துவிட்டு நகரும். வளையைச் சுற்றி உருண்டைகள் சிதறிக் கிடந்தால் அது வெகுநேரமாக மேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அதே சேற்றில் விரல் நீளத்தில் பழுப்பு நிற மீன் ஒன்று முன்துடுப்புகளை ஊன்றி நகர்ந்துகொண்டிருக்கும். கண் இரண்டும் தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும். மட்ஸ்கிப்பர் என்பது இதுதான். தோலும் வாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும் வரை காற்றிலேயே சுவாசிக்கும். வேர்மேல் ஏறி உட்காரும். குழந்தைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி வேர்கள். கால்வாயின் ஓரத்தில் தண்ணீருக்குள் வளைந்து வளைந்து இறங்கும் முட்டு வேர்கள் சுரபுன்னையுடையவை. இதில் இரண்டு வகை இங்கே உண்டு. இரண்டும் கலந்து உருவான கலப்பினம் ஒன்றைப் பிச்சாவரத்தில் கண்டறிந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே அறிவியல் பெயராக வைத்திருக்கிறார்கள். மரத்திலிருந்து முருங்கைக்காய் போலத் தொங்குபவை காய்கள் அல்ல, நாற்றுகள். விதை கிளையிலேயே முளைத்துவிடும். பின்னர் கழன்று விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும், அல்லது ஓதத்தோடு மிதந்துபோய் வேறிடத்தில் ஊன்றும்.

சுரபுன்னை ஒரு மெல்லிய வேலிதான். படகிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காடு முழுவதும் அதுவே என்று தோன்றும். இடைவெளி கிடைக்கும் இடத்தில் எட்டிப் பாருங்கள்: பின்னால் பரந்து நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல். அதன் அடியில் சேற்றிலிருந்து பென்சில் கனத்தில் ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள் நிமிர்ந்து நிற்கும். காற்று புகாத சேற்றில் வேருக்கு வேண்டிய ஆக்சிஜன் அவற்றின் வழியாகத்தான் போகிறது. இரண்டு மரங்களும் உப்பைச் சமாளிக்கும் விதம் வேறு. சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதியை வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு, இலை வழியாக வெளியேற்றும். வெயில் ஏறிய பிறகு அதன் இலையில் உப்புத் துகள் மின்னும்.

விரலால் தொட்டு நக்கிப் பார்க்க ஆசை வந்தால் படகுக்காரர் காட்டிய மரத்தில் மட்டும் செய்யுங்கள். ஏனென்றால் தில்லை மரமும் இதே காட்டில் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான, நடராசர் கோயிலின் தல மரமான அதே தில்லை. அதை நகருக்குள் தேடினால் கிடைக்காது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். அது தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வையைச் சில நாள் மறைத்துவிடவும் கூடும். உதிரும் முன் இலை சிவப்பாக மாறுவதால் பச்சைக்கு நடுவே எளிதில் தெரியும்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பறவைகள் தாமாகவே வரும். தாழ்ந்த கிளைகளைக் கண்ணால் துழாவுங்கள். நீல முதுகும் வெள்ளை மார்பும் என்றால் வெண்மார்பு மீன்கொத்தி, எங்கும் பார்ப்பதுதான். தலை கறுப்பு, அலகு பவளச் சிவப்பு, முதுகு கருநீலம், கழுத்தில் வெள்ளை வளையம் என்றால் அது கருந்தலை மீன்கொத்தி. குளிர்காலத்தில் கடலோரத்துக்கும் இத்தகைய காடுகளுக்கும் வந்து தங்கும் அதைப் பார்த்தால் அந்த நாள் நல்ல நாள். கூச்சம் அதிகம், படகு நேராக அதை நோக்கிப் போகாமல் சாய்வாகப் போகட்டும். மடையான் சேற்று நிறத்தில் சேற்றோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். பறக்கும்போது வெள்ளைச் சிறகு விரிந்தபின்தான் இருந்ததே தெரியும். வெள்ளைக் கொக்குகளில் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும் உள்ளது சின்னக் கொக்கு. கிளைகளின் நிழலுக்குள் கூன் போட்டு உட்கார்ந்திருப்பது வக்கா, அதற்கு அது தூங்கும் நேரம். சேற்றோரத்தில் வாலை ஆட்டி ஆட்டி நடப்பது உள்ளான்.

நீர்நாயும் நரியும் இந்தக் காட்டில் உண்டு. பார்ப்பது அதிர்ஷ்டம். ஆனால் தடம் பார்க்கலாம். கரை சரிந்த இடத்தில் சேறு வழுக்கிய தடமும், மீன் செதில் கலந்த எச்சமும் இருந்தால் நீர்நாய் வந்துபோன இடம்.

படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை

கால்வாய்கள் இயல்பாக வளைந்துதான் ஓடும். நேர்கோடாக ஒன்று, அதிலிருந்து மீன்முள் போலப் பிரியும் கிளைகள் கண்ணில் பட்டால் அவை மனிதர் வெட்டியவை. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி இங்கே பகுதி பகுதியாக மரங்களை முழுக்க வெட்டி எடுத்தார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து இறங்கித் தொட்டியாகிவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, நாற்றே முளைக்காமல் போனது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து கால்வாய் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தபின் அந்த இடங்களில் மரங்கள் மீண்டும் வந்தன. இந்தக் கால்வாய் வெட்டும் வேலைக்கு உள்ளூர்க்காரர்களும் போனார்கள். அந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றியும் கேட்கலாம், அவர் பேச விரும்பினால். கடலுக்கும் காட்டுக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகளில் சேதம் கடுமை. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. காடுதான் காத்ததா, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. கிள்ளைப் பக்கத்து மக்களிடம் கேட்டால் காடுதான் என்பார்கள்.

போகும் வழியில் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து கையால் சேற்றைத் தடவி இறால், நண்டு பிடிக்கும் இருளர் மக்களைப் பார்க்கக்கூடும். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் சேற்றுக்குள் விடுவார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். படகு அலை அடிக்காமல் தள்ளிப் போகட்டும்.

திரும்பி வருவது

வெயில் ஏறியதும் பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும், பத்தரை மணிக்கு மேல் இழுத்துக்கொண்டு போவதில் பயனில்லை. கரைக்கு வந்ததும் படகுக்காரர் பொறுமையாக நிறுத்தி நிறுத்திக் காட்டியிருந்தால் கையில் ஏதாவது கொடுங்கள். துறையின் படிகள் பாசி பிடித்து வழுக்கும், பெரியவர்களைக் கைபிடித்து இறக்குங்கள்.

மீன், நண்டு சாப்பிடுகிறவர்கள் வழியிலேயே விசாரிக்கலாம். காலையில் பிடித்த கொடுவாயும் மடவையும் கிடைத்தால் விடாதீர்கள். சைவமானால் சிதம்பரம் போய்க் கத்தரிக்காய் கொத்சு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டு இட்லியோடு சாப்பிடுங்கள். நடராசர் கோயிலுக்கும் போக நினைத்தால் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுத்துக்கொள்ளலாம். நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். அதுவரை நேரம் இருக்கிறவர்கள் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய் வெள்ளாறு கடலில் சேருமிடத்தைப் பார்த்துவிட்டு வரலாம், வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சரி.